ஒரு பீடித்துண்டுகூட விழாத தொட்டி

சுகாதார ஆய்வாளராகப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற தம்பி தங்கைகளே, கொசுப்புழு ஒழிப்பையும் குளோரின் அளவையும் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் சொல்லப்போவது என்னுடைய ஒரு முட்டாள்தனத்தை. பொது இடத்தில் புகை பிடிக்கக் கூடாது என்கிற சட்டத்தை ரொம்ப அக்கறையாக அமல்படுத்தப் போய், ஏழு பெண்கள் வெடித்திரியோடு உட்கார்ந்திருந்த ஒரு குடோன் சுவரை ஒட்டி, ‘இங்கே புகை பிடிக்கலாம்’ என்று நானே போர்டு வைத்தேன். ஒருவருடைய உள்ளங்கை வெந்ததைத் தவிர யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு முதலில் வருவது நிம்மதிதான். வெட்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஊர். பெயர் வேண்டாம், அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் டீ வாங்கிக் கொடுக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், ஊராட்சி அலுவலகம் மூன்றும் அங்கே ஒரே வரிசையில் இருக்கும். எதிரே ஒரு டீக்கடை, அதையொட்டி பஸ் நிற்கிற இடம். நான் விருதுநகரிலிருந்து மாற்றலாகி அங்கே போன முதல் செவ்வாய்க்கிழமையே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடக்கும். அந்தப் பெண்கள் வாசலில் நிற்கிற ஏழெட்டு ஆம்பளைகளின் பீடிப் புகைக்குள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தார்கள். எனக்கு இயல்பிலேயே மூக்குக்கு மேல் கோபம். அன்றைக்கு அது நியாயமான கோபமாகவும் இருந்துவிட்டது. நியாயமான கோபம்தான் ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு நடக்க வைக்கும் என்பது அப்போது தெரியாது.

கிராம சபையில் பேசி ஒரு தீர்மானம் போட வைத்தேன். மூன்று கட்டடங்களையும் டீக்கடையையும் சேர்த்துச் சுற்றி ரோட்டில் மஞ்சள் கோடு. கோட்டுக்குள் யாரும் புகை பிடிக்கக் கூடாது. வெறுமனே கூடாது என்று சொன்னால் போதாது, எங்கே கூடும் என்றும் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு கொள்கை உண்டு. அந்தக் கொள்கை தப்பில்லை. நான் காட்டிய இடம்தான் தப்பு.

ஊராட்சி அலுவலகத்தைத் தாண்டினால் பழைய தீப்பெட்டி ஆபீஸ் குடோன் ஒன்று இருந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலையைத்தான் எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். அந்த ஆபீஸ் மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. உயரமான சுவர், மத்தியானத்துக்கு மேல் அருமையான நிழல். சுவரின் மேல்பகுதியில் காற்றுப் போக துவாரம் துவாரமாகச் சிமெண்டு ஜன்னல். முன்பக்க இரும்புக் கதவில் துருப்பிடித்த பூட்டு. நான் போய் அந்தப் பூட்டை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான் நான் செய்த கள ஆய்வு.

ஊராட்சித் தலைவர் மட்டும் இழுத்தார். “எடத்த மட்டும் கொஞ்சம் யோசிச்சுக்கிடுவமே சார்.”

“காலி இடம்தானே? யார் கேட்கப்போறா?”

“காலிதான்... இருந்தாலும்...”

“இருந்தாலும் என்ன?”

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணுமில்ல சார். செய்யுங்க.”

செய்தேன். கிணற்று உறை ஒன்றை வாங்கி நிமிர்த்தி வைத்து, பீடித்துண்டு போட மணல் நிரப்பித் தொட்டியாக்கினேன். உட்கார இரண்டு கல், மேலே தகரம். சுவரில் என் கைப்படவே போர்டு மாட்டினேன், சரியாக அந்தச் சிமெண்டு ஜன்னலுக்குக் கீழே.

உள்ளே நடந்துகொண்டிருந்தது இதுதான். குடோனின் பின்பக்கம் அடுத்த தெருவில் ஒரு வீட்டின் கொல்லையில் திறந்தது. ஒரு ஏஜெண்டு அந்த வீட்டை வாடகைக்குப் பிடித்து, குடோனுக்குள் லைசென்ஸ் இல்லாமல் கருந்திரி வெட்டவும் சரவெடி பின்னவும் ஏழு பெண்களை உட்கார வைத்திருந்தார். வெடிக்கு நெருப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற அந்தத் திரி, நெருப்புப்பொறிக்குக்கூடக் காத்திருக்காது. தரையில் கரகரவென்று இழுத்தாலே பற்றிக்கொள்ளும். குடோனுக்குள் இந்த வேலை நடப்பது ஊரில் பச்சைப்பிள்ளை முதல் அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் டாக்டர் மேடத்துக்கும்தான் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும்தானே வெளியூர்.

மூன்று வாரம் ஆயிற்று. என் தொட்டியில் ஒரு பீடித்துண்டு விழவில்லை. மணலில் எறும்பு ஊர்ந்த தடம்தான் இருந்தது. ஆனால் மருத்துவமனை வாசலில், ‘புகை பிடிக்காதீர்’ போர்டுக்கு நேர் கீழே, பழையபடி ஐந்தாறு பேர் நின்று ஊதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி தினமும் வந்து நின்றவர் காளிராஜ்.

காளிராஜுக்கு நாற்பது வயது இருக்கும். லைசென்ஸ் உள்ள ஒரு பட்டாசு ஆபீஸில் வெடிமருந்து கலக்குகிற வேலை. மருந்து கலக்குகிறவர்கள் விடிந்தும் விடியாமலும் போய், வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவார்கள். இவர் மத்தியானம் வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்து, வேலைச் சட்டையைக் கொடியில் தனியாகப் போட்டு, வேறு சட்டை மாட்டிக்கொண்ட பிறகுதான் பீடிக்கட்டையே தொடுவார். வேலைச் சட்டையோடு அவர் தீப்பெட்டியைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. நெருப்பு விஷயத்தில் அம்புட்டு சுத்தமான ஆள் என் போர்டை மட்டும் ஏன் மதிக்கவில்லை என்று எனக்கு ஒரு கேள்வி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

முதல் தடவை அவரைப் பிடித்தபோது நடந்த பேச்சு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“போர்டு தெரியுதா?”

“தெரியுது சார்.”

“என்ன எழுதியிருக்கு?”

“புகை பிடிக்காதீர்னு போட்டுருக்கு சார்.” பீடியை வாயிலிருந்து எடுக்காமலே படித்துச் சொன்னார்.

“அங்க உங்களுக்குன்னு நிழலும் மணலும் போட்டு வச்சிருக்கேன். நாலு எட்டு நடந்து போக வலிக்குதோ?”

“இல்ல சார். நீங்க அபராதமே போட்ருங்க.”

என் சர்வீஸில் எத்தனையோ பேருக்கு அபராதம் போட்டிருக்கிறேன். கெஞ்சுவார்கள், கத்துவார்கள், மாமன் மச்சான் பெயரைச் சொல்லி மிரட்டுவார்கள். அபராதம் போடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்ட மனிதரை அதுவரை நான் பார்த்ததில்லை. அங்கேயே நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டிருக்க வேண்டும். நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டு ரசீது கிழித்தேன். அடுத்தடுத்து இன்னும் இரண்டு தடவை கிழித்தேன். இரண்டு தடவையும் ஏதோ கோயில் பிரசாதம் மாதிரி பணிவாக வாங்கிக்கொண்டார்.

ஒருநாள் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு வெளியூர்க்காரர் பீடியைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே குடிக்கலாம் என்று என்னிடமே மரியாதையாகக் கேட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொட்டியைக் கைகாட்டினேன். அவர் நான்கு அடி எடுத்து வைப்பதற்குள் காளிராஜ் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

“அண்ணாச்சி, அங்கன போகாதீக. பாம்பு கெடக்கு. இங்கன வாங்க, நம்மகூட நில்லுங்க.”

வெளியூர்க்காரர் ஒரே தாவாகத் திரும்பிவிட்டார். நான் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு போய் அரைமணி நேரம் அந்தத் தொட்டியைச் சுற்றிப் பாம்பு தேடினேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் என்னையே பார்த்தார்கள். என்னைக் கேலி பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். நான் கம்பைச் சுவரில் தட்டித் தட்டித் தேடியதைப் பார்த்து அவர்களுக்கு உயிரே போய்க்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த நிலைமையில் மாவட்டத்திலிருந்து துணை இயக்குநர் ஆய்வுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. மறுநாளே வருகிறார். புகை பிடிக்க மாற்று இடம் ஏற்படுத்தி, அது நல்ல பயன்பாட்டில் இருக்கிறது என்று நான் ஏற்கெனவே அறிக்கை அனுப்பியிருந்தேன். ஆர்வக்கோளாறு. இப்போது அவர் வந்து பார்த்தால் மணல் வாங்கி வந்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கிறது.

எங்கள் மருத்துவமனையில் பேச்சியம்மாள் என்று ஒரு பணியாளர் இருந்தார். கூட்டுவது, துடைப்பது, பிரசவத்துக்கு வந்தவர்களுக்கு வெந்நீர் வைப்பது எல்லாம் அவர்தான். உள்ளூர்க்காரர். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

“அதுக்கென்ன சார், நம்ம வாசல்ல கெடக்குற துண்டுபீடிய நான் கூட்டி அள்ளிட்டுப் போயி மணல்ல சொருகி வச்சிருதேன். எம்புட்டு வேணும், ஒரு முப்பது?”

“பொய்யாச் செய்யச் சொல்றியாம்மா?”

“பொய்யின்னா பொய்யா இருந்துட்டுப் போகுது. யாரு வந்து எண்ணப் போறா?”

முடியாது என்றேன். முப்பது வருஷம் நேர்மையாக வேலை பார்த்தவன், மணல்தொட்டியில் போய்க் கள்ளக்கணக்கு எழுதுவதா என்று அந்த அம்மாளுக்கு ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். அவர் துடைப்பத்தைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையிலேயே என்னுடைய நேர்மை இவ்வளவு ஆபத்தானதாக இருந்தது அந்த ஒரு மத்தியானம்தான்.

மணி இரண்டரை இருக்கும். காளிராஜ் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து போர்டுக்குக் கீழே நின்றார். நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

“வா. இன்னைக்கு நீ அங்க உட்கார்ந்துதான் பீடி குடிக்கிற. ஒன்னப் பாத்துத்தான் மத்தவங்களும் கெடுறாங்க.”

“வேண்டாம் சார். எனக்கு இன்னைக்குப் பீடி வேண்டாம்.”

“தினமும் என் போர்டுக்குக் கீழ வேணும், அங்க வேண்டாமா?”

என் வயதுக்கும் வேலைக்கும் மரியாதை கொடுத்து அவர் திமிறவில்லை. திமிறியிருந்தால் நான் விட்டிருக்கலாம். தரதரவென்று கூட்டிக்கொண்டு போய் அந்தக் கல்லில் உட்கார வைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை நானே எடுத்தேன். ஒன்றை உருவி அவர் உதட்டில் வைத்தேன். சுகாதார ஆய்வாளர் ஒருவர், சம்பளம் வாங்குகிற நேரத்தில், ஒரு மனிதனின் வாயில் பீடி வைத்த கதை இது. தீப்பெட்டியை எடுத்து உரசினேன்.

குச்சி பற்றிய அந்தக் கணத்திலேயே காளிராஜ் என் கையோடு சேர்த்து அந்த நெருப்பைப் பொத்தினார். அணைக்க ஊதவில்லை, தட்டிவிடவும் இல்லை. ஊதினாலும் தட்டினாலும் பொறி எங்கேயாவது போகும். எரிகிற குச்சியை உள்ளங்கைக்குள் வாங்கி இறுக மூடிக்கொண்டார். தோல் பொசுங்குகிற வாடை வந்தது. அவர் முகம் கோணியது, ஆனால் சத்தமே வரவில்லை. முழுசாக அணைந்துவிட்டது என்று தெரிகிறவரை விரலைத் திறக்கவில்லை.

“சத்தம் போடாதீக சார்” என்றார், மெதுவாக. “சுவத்துக்கு அந்தப் பக்கம் ஏழு பேரு திரி வெட்டிக்கிட்டு இருக்காக. எங்க வீட்டுலயும் உள்ளதான் இருக்கா.”

வீட்டில் என்றால் மனைவி. எனக்குத் தலைக்கு மேலே, சிமெண்டு ஜன்னல் வழியாக, யாரோ ஒரு பெண் ஏதோ சொல்ல இன்னொருத்தி சிரிப்பது கேட்டது. மூன்று வாரமாக நான் எத்தனையோ தடவை அங்கே வந்து நின்றிருக்கிறேன். ஒருநாளாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அந்தச் சிரிப்பு எனக்கு முன்னாலேயே கேட்டிருக்கும். கையிலிருந்த தீப்பெட்டியை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. கடைசியில் மருத்துவமனை வாசல் வாளித் தண்ணீருக்குள் போட்டேன்.

எங்கள் டாக்டர் மேடம் என் மகளைவிட இரண்டு வயது சின்னவர். அதுவரை அவரை நான் மனசுக்குள் சின்னப்பொண்ணு என்றுதான் வைத்திருந்தேன். காளிராஜின் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தபடியே முழுதையும் கேட்டார். நான் போலீசுக்கும் தீயணைப்புக்கும் உடனே போன் போடுகிறேன் என்று செல்போனை எடுத்தேன்.

“இருங்க ஹெச்.ஐ. சார்” என்றார். காளிராஜ் பக்கம் திரும்பினார். “வண்டி சத்தம் கேட்டா உள்ள என்ன செய்வாங்க?”

“அள்ளிட்டு ஓடுவாக மேடம். பிடிபட்டா ஜெயிலுன்னு ஏஜெண்டு சொல்லி வச்சிருக்கான். அள்ளி இழுத்தாலே போச்சு. ஓடச் சொன்னாலும் போச்சு, ஒருத்தி காலு தட்டுனாப் போதும்.”

“அப்ப ஓடக்கூடாது. நடந்து வரணும்.” என் பக்கம் திரும்பினார். “மொதல்ல ஆள் வெளிய வரட்டும் சார். போன் பத்து நிமிஷம் கழிச்சு. உங்க கோபம், பயம் எல்லாத்தையும் சாயங்காலம் வச்சுக்குவோம்.”

பேச்சியம்மாளைக் கூப்பிட்டு அவர் சொன்னது எனக்கு முதலில் புரியவே இல்லை. பின்தெரு வழியாகப் போய், இன்றைக்கு மருத்துவமனையில் ரத்தம் பார்க்கிறார்கள், சத்து மாவுப் பொட்டலம் கொடுக்கிறார்கள், வந்தவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி அந்தப் பெண்களை ஒவ்வொருவராகக் கூட்டி வர வேண்டும். பேச்சியம்மாள் ஒரு கேள்வி கேட்கவில்லை. துடைப்பத்தைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டார். பள்ளித் தலைமையாசிரியருக்கும் மேடம் ஆள் அனுப்பினார். பிள்ளைகள் பின்வாசல் வழியாக விளையாட்டு மைதானத்துக்குப் போனார்கள். நான் டீக்கடைக்காரரிடம் போய் அடுப்பை அணைக்கச் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்காமல் அணைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இவருக்கும் தெரியும்.

நான் தொட்டி அருகே போய் நின்றுகொண்டேன், யாரும் அந்தப் பக்கம் வந்துவிடாமல். என் பணிக்காலத்திலேயே நீளமான பத்து நிமிஷம் அது. முதல் பெண் கையைச் சேலையில் துடைத்தபடி தெருமுனையில் திரும்பி வந்தார். கை கருப்பாக இருந்தது. அப்புறம் இரண்டு பேர் பேசிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் ஆடி அசைந்து வருவதைப் பார்க்க எனக்கு ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வரலாம் போல இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு. ஆறாவது ஆளோடு பேச்சியம்மாளும் வந்துவிட்டார்.

“மாரீஸ்வரி வரமாட்டேங்கா சார். கையில எடுத்தத முடிச்சிட்டுத்தான் வருவாளாம். ரத்தம் இன்னொரு நாளு குடுத்துக்கிடுதேன்னு சொல்லுதா.”

மாரீஸ்வரி காளிராஜின் மனைவி. கட்டுப் போட்டுக்கொண்டிருந்த காளிராஜ் பாதிக் கட்டோடு எழுந்து வந்தார். நான் போகிறேன் என்றேன்.

“நீங்க போனா ஆபீஸர் வந்துட்டாகன்னு பயந்து எந்திரிப்பா சார். எஞ் சத்தம் அவளுக்குப் பழக்கம்.”

செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு போனார். நான் சாமி கும்பிடுகிற பழக்கம் அதிகம் இல்லாதவன். அன்றைக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன். மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

தெருமுனையில் முதலில் மாரீஸ்வரியின் குரல்தான் வந்தது. “கைய எங்கன கொண்டுபோயி விட்டீரு? கண்ணு தெரியலயா? நாளைக்கு யாரு மருந்து கலக்குவா? சோத்த எப்படி அள்ளித் திம்பீரு?” வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அந்த அம்மாள் வந்தார், பின்னால் காளிராஜ் கட்டுத் தொங்கத் தலையைக் குனிந்தபடி வந்தார். ஏழு. நான் அங்கேயே, ரோட்டில், மஞ்சள் கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அதை மறைக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் போன். தீயணைப்பு வண்டி வந்து சிமெண்டு ஜன்னல் வழியாகவே தண்ணீர் அடித்து, உள்ளே இருந்ததை நனைத்து, சாயங்காலத்துக்குள் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்கள். வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் என்னிடம், “உள்ள யார் யார் வேலை பார்த்தா?” என்று கேட்டார். “நான் பார்க்கும்போது உள்ளே யாரும் இல்லை சார். ஏஜெண்டு பெயர் வேண்டுமானால் ஊரே சொல்லும்” என்றேன். நான் உள்ளே போய்ப் பார்த்ததே எல்லோரும் வெளியே வந்த பிறகுதான், அதனால் அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. ஏஜெண்டை இரண்டு நாளில் பிடித்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் மேல் வழக்கு வரவில்லை. நான் செய்தது சரியா என்று உங்களில் யாராவது கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மேடம் சொன்ன ரத்தப் பரிசோதனை பொய்யாகவும் போகவில்லை. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று ஏழு பேருக்கும் உண்மையாகவே ரத்தம் பார்த்தார். ஏழு பேருக்குமே ரத்தசோகை. மருத்துவமனைக்கு இத்தனை பக்கத்தில் வேலை பார்த்தும் ஒருத்தர்கூட உள்ளே வந்து காட்டியதில்லை. எங்கே வேலை பார்க்கிறாய் என்று நாங்கள் கேட்டுவிடுவோமே என்ற பயம்.

மறுநாள் துணை இயக்குநர் வந்தார். தொட்டியைப் பார்த்துவிட்டு, “மணல் ரொம்பச் சுத்தமா இருக்கே” என்றார். ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். பீடியை வாயில் வைத்ததையும் சேர்த்துத்தான். மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன். “அடுத்த இடத்தை யார் காட்டப் போறா?” என்று கேட்டார்.

காளிராஜ்தான் காட்டினார். டிரெஸ்ஸிங் மாற்ற தினமும் வருவார், அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன். என் போர்டுக்குக் கீழே ஏன் நின்றீர்கள், வேறு எங்காவது போய்க் குடித்திருக்கலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்கு எங்கன நின்னா என்ன சார். நான் அந்த வாசல்ல நின்னாத்தான் மத்தவனும் கூட நிப்பான். பஸ்ஸவிட்டு எறங்குறவனும் கூட்டத்தப் பாத்து அங்கனயே வந்துருவான். நான் நகந்தா, நீங்க காட்டுன எடத்துக்கு ஒருத்தன் போவான். ஒருத்தன் போனா பத்துப் பேரு போவான்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா ஏழு பேரும் ஜெயிலு. அபராதம் தேவலன்னு இருந்தேன்.”

சட்டத்தை மீறுகிறவர் என்று நான் மூன்று ரசீது கிழித்த மனிதர், மூன்று வாரம் அந்த வாசலில் காவல் நின்றிருக்கிறார். தம்பிகளே, ஒரு ஆள் உங்கள் பேச்சைக் கேட்காவிட்டால் அது அவருடைய குணமாக இருக்கலாம். ஒரு ஊரே, அதுவும் மரியாதையாக, கேட்காமல் இருந்தால் ரசீதுப் புத்தகத்தை மூடிவிட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். முன்கதவுப் பூட்டை மட்டும் ஆட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். முக்கியமாக, ‘ஒண்ணுமில்ல சார்’ என்று ஒருவர் முகத்தைத் துடைத்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ சொல்லுங்கள்.

புது இடம் கண்மாய்க்கரைப் பக்கம் ஒரு பூவரச மரத்தடி. நான்கு பக்கமும் வெட்டவெளி. ஒரே வாரத்தில் தொட்டி நிறைந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் முந்தானையை இறக்கிவிட்டுக்கொண்டு வாசலில் நுழைந்தார்கள்.

ஆனால் எனக்கு ஒரு பாரம் மட்டும் மிச்சம் இருந்தது. சத்து மாத்திரை வாங்க வந்தபோது மாரீஸ்வரி கேட்ட ஒரு கேள்விதான் அது. “பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வாரப்போ வீட்டுல இருக்கலாமேன்னுதான் சார் அங்கன போனோம். இப்ப எங்க போவோம்?” கோபத்தோடு கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார். மேடமும் நானும் விஸ்வநத்தம் பக்கம் லைசென்ஸ் உள்ள ஒரு கம்பெனி மேனேஜரைப் போய்ப் பார்த்தோம். சீசன் நேரம், ஆள் தேவைதான், ஆனால் இப்படி வேலை பார்த்தவர்களை எடுத்தால் கேள்வி வருமே என்று அவர் தயங்கினார். ஒரு தடவைக்கு நான்கு தடவை போனோம். கடைசியில் அவருக்கே எங்களைப் பார்த்துப் பாவமாகிவிட்டது போல. ஏழு பேரையும் எடுத்துக்கொண்டார். பிள்ளைகள் வருவதற்குள் கம்பெனி வேன் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும் என்பதையும் மேடம் பேசி முடித்தார்.

வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் வேன் மருத்துவமனை வாசலில் வந்து நின்றது. மாரீஸ்வரி இறங்கி நேராக என்னிடம் வந்தார். முதல் நாளே ஏதாவது தகராறோ என்று நினைத்தேன்.

“எப்படிம்மா இருந்துச்சு?”

“உள்ள போகுமுன்ன கேட்டுல ஒரு பொம்பள நிக்கா சார். ஒவ்வொருத்தியா நிப்பாட்டி, மடிய உதறச் சொல்லி, தீப்பெட்டி கீப்பெட்டி இருக்கான்னு தடவிப் பாக்கா. அப்புறம் நோட்டுல பேர எழுதுதா. சாயங்காலம் வெளிய வாரப்பவும் பேர வாசிச்சு, ஏழு பேரும் வந்துட்டமான்னு பாத்துட்டுத்தான் வேன எடுக்கச் சொல்லுதா.”

“கஷ்டமா இருந்துச்சா?”

“கஷ்டம் என்னத்துக்கு சார்?” என்று சிரித்தார். “நாங்க உள்ள போனமா, வெளிய வந்தமான்னு பாக்க ஒரு ஆளு இருக்குல்ல.”